'பால் பத்தலைபோல...' ஏழை நாட்டு அம்மாக்களுக்குக் கைகொடுக்கும் பக்கத்து வீட்டு அக்காக்கள்!

``குழந்தை அழுதுக்கிட்டே இருக்கு. பால் பத்தலைபோல. ஒரு டப்பா பவுடர் வாங்கிட்டு வந்துடுங்க!''

பிரசவம் முடிந்து நாலைந்து நாள்களில், எந்த ஊர் வீட்டிலும் கேட்கக்கூடிய வார்த்தைகள் இவை. மதுரையிலும் கேட்கும். வங்கதேசத் தலைநகர் டாக்காவின் தகரக் கூரை வீடுகளிலும் கேட்கும். உகாண்டாவின் கிராமங்களிலும் கேட்கும். மொழிதான் வேறு, பதற்றம் ஒன்றுதான். பெரும்பாலான வீடுகளில் அந்த அம்மாவுக்குப் பால் பற்றாமல் இருக்காது. 'பத்தும், பயப்படாதே' என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள்தான் இருக்காது.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு மற்ற உணவுகளோடு 2 வயது வரை அல்லது அதற்கு மேலும் தாய்ப்பால். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது இதைத்தான். ஆனால், உலகளவில் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 48 சதவிகிதம்தான் என்று இந்த இரு அமைப்புகளும் 2023-ல் தெரிவித்தன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் இது 63.7 சதவிகிதம். தமிழ்நாட்டில் 55.1 சதவிகிதம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 'தாய்ப்பாலே சிறந்தது' என்ற வாசகம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் கிடையாது. அப்படியிருந்தும் பாதிக்குச் சற்று மேல்தான் என்றால், வெறும் 'விழிப்புணர்வு' இந்தப் பிரச்னையைத் தீர்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் எதுதான் தீர்க்கும்? இதற்கான தெளிவான பதில், நம்மைவிட வசதி குறைந்த சில நாடுகளிலிருந்து கிடைத்திருக்கிறது.

டப்பா பாலில் அப்படி என்ன ஆபத்து?

சுத்தமான தண்ணீரும், கேஸ் அடுப்பும், மாதாமாதம் டப்பா வாங்கப் பணமும் இருக்கிற வீட்டில் பவுடர் பால் குடித்து வளரும் குழந்தை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். இது எதுவுமே இல்லாத வீட்டில்?

தெருக்குழாயிலோ, குளத்திலோ பிடித்த தண்ணீர். அதை ஒவ்வொரு வேளையும் கொதிக்க வைக்க விறகு வேண்டும். புட்டியையும் ரப்பரையும் கழுவ மறுபடியும் தண்ணீர் வேண்டும். ஒரு டப்பா தீர்ந்தால் அடுத்த டப்பாவுக்குப் பல நாள் கூலி போய்விடும். அதனால் என்ன செய்கிறார்கள்? ஒரு வாரத்துக்கு வர வேண்டிய டப்பாவைப் பத்து, பதினைந்து நாள்களுக்கு இழுக்கிறார்கள். பவுடர் குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. குழந்தைக்கு வயிறு நிறைகிறது. சத்து போய்ச் சேர்வதில்லை. கூடவே பேதி வருகிறது.

இதற்கிடையே இன்னொன்றும் நடக்கிறது. புட்டியில் குடித்த குழந்தை மார்பில் குடிப்பதைக் குறைக்கிறது. குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். 'பத்தலைபோல' என்று சந்தேகமாக ஆரம்பித்தது, ஒரே மாதத்தில் உண்மையாகிவிடுகிறது. அதன்பிறகு டப்பா வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் திரும்பிப் போக வழியில்லை.

முதல் 6 மாதங்களில் தாய்ப்பாலே குடிக்காத குழந்தை இறக்கும் அபாயம், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையைவிட சுமார் 14 மடங்கு அதிகம் என்பது வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. தாய்ப்பால் ஊட்டுவது கிட்டத்தட்ட எல்லா அம்மாக்களுக்கும் சாத்தியமானால், ஆண்டுக்கு 8 லட்சத்து 23 ஆயிரம் குழந்தைகளின் மரணத்தைத் தடுக்க முடியும் என்று 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் மதிப்பிட்டது. மார்பகப் புற்றுநோயால் இறக்கும் பெண்களில் ஆண்டுக்கு 20 ஆயிரம் பேரையும் காப்பாற்றலாம் என்றது அதே ஆய்வு.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1939-லேயே சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ரோட்டரி கிளப் கூட்டத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். நர்ஸ் மாதிரி உடையணிந்த விற்பனைப் பெண்களை வீடு வீடாக அனுப்பி, டின்பாலை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அதனால் குழந்தைகள் சாவதைக் கண்ணால் பார்த்த டாக்டர், பால் கம்பெனிக்காரர்களும் வந்து போகும் மேடையிலேயே அதைக் கொலை என்றார். 1974-ல் பிரிட்டனின் 'வார் ஆன் வான்ட்' அமைப்பு 'தி பேபி கில்லர்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறையை உலக சுகாதார சபை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு, அமெரிக்கா.

இந்தியாவில் 1992-ல் அதற்கான சட்டம் வந்தது. அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்குப் போகும்போது குழந்தைப் பால் பவுடர் டப்பாவைக் கவனியுங்கள். அதில் சிரிக்கும் குழந்தையின் படம் இருக்கக் கூடாது. காரணம், இந்தச் சட்டம்தான்.

விளம்பரத்தைத் தடுப்பது சட்டத்தின் வேலை. ராத்திரி 2 மணிக்கு அழும் குழந்தையையும் வலிக்கும் மார்பையும் வைத்துக்கொண்டு தவிக்கிற பெண்ணுக்கு உதவ, ஒரு மனுஷி வேண்டும்.

டாக்காவின் 'அக்கா'க்கள்

1990-களின் நடுவில் டாக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர் டாக்டர் ருக்சானா ஹைதரின் குழு. வங்கதேசத்தில் அப்போது தாய்ப்பால் கொடுக்காத அம்மாவைப் பார்ப்பதே அபூர்வம். அங்கே பிரச்னையே வேறு. தாய்ப்பாலோடு தேன், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர், மாட்டுப்பால், பவுடர் பால் என எல்லாவற்றையும் முதல் வாரத்திலிருந்தே கொடுத்துவிடுவார்கள். 'தாய்ப்பால் மட்டும்' என்பதுதான் நடக்கவில்லை.

நகரின் 40 பகுதிகள் ஆய்வுக்குத் தேர்வாகின. அவற்றில் பாதிப் பகுதிகளில், அதே தெருக்களில் வசிக்கும் அம்மாக்கள் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர்கள் டாக்டரோ நர்ஸோ கிடையாது. தாங்களே குழந்தை பெற்று, தாய்ப்பால் கொடுத்தவர்கள். பக்கத்து வீட்டு அக்கா மாதிரி! தினமும் 4 மணி நேரம் வீதம் 10 நாள்கள், மொத்தம் 40 மணி நேரப் பயிற்சி. அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்ததும் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போனார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 2 முறை. குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் 3 முறை, அதில் ஒன்று பிறந்த 48 மணி நேரத்துக்குள். அதன்பிறகு குழந்தைக்கு 5 மாதம் ஆகும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆக மொத்தம் 15 முறை.

5 மாத முடிவில் கணக்குப் பார்த்தார்கள். 'அக்கா' வந்துபோன பகுதிகளில், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் 70 சதவிகிதம். யாரும் வராத பகுதிகளில் 6 சதவிகிதம்!

இந்த முடிவு 2000-ல் வெளியானது. இதற்கு முந்தைய ஆண்டு, மெக்சிகோ சிட்டியில் நடந்த ஆய்வும் இதையேதான் சொன்னது. 6 முறை வீட்டுக்குப் போனால் 3 மாதத்தில் 67 சதவிகிதம், 3 முறை போனால் 50 சதவிகிதம், போகவே இல்லையென்றால் 12 சதவிகிதம். நம் ஹரியானாவில் தனியாக ஆள் போடாமல், அங்கன்வாடிப் பணியாளர்கள் உட்பட ஏற்கெனவே ஊரில் இருக்கிற சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில் 3 மாதக் குழந்தைகளில் 79 சதவிகிதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பயிற்சி இல்லாத ஊர்களில் 48 சதவிகிதம்.

அந்த அக்கா வந்து என்ன செய்கிறார்?

'தாய்ப்பால் கொடும்மா, நல்லது' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அப்படிச் சொல்ல வீட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே, காது கொடுத்துக் கேட்பதற்குத்தான். 'பால் குடுக்கறியா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற ஒரே பதில்தான் வரும். 'பாப்பா ராத்திரியெல்லாம் எப்படிக் குடிக்குது?' என்று கேட்டால் மொத்தக் கதையும் வெளியே வரும். குறை சொல்லாமல் கேட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோ யோசனைதான் சொல்ல வேண்டும்.

அடுத்து, குழந்தை குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். காம்பை மட்டும் சப்புகிறதா, வாயை அகலத் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறதா? தாடை மார்பைத் தொட்டிருக்கிறதா? கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கிறதா? காம்பில் புண், வலி, பால் கட்டிக்கொள்வது, குழந்தைக்குப் போதிய பால் போகாமல் இருப்பது... இப்படிப் பல தொல்லைகளுக்குக் காரணம் இந்தப் பிடிப்பு சரியில்லாததுதான். அதைத் திருத்துவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால், போனில் சொன்னாலோ, போஸ்டரில் படம் போட்டாலோ அது பல பெண்களுக்குப் பிடிபடாது. நேரில் கை வைத்துக் காட்ட வேண்டும்.

மூன்றாவதாக, பால் எப்படிச் சுரக்கிறது என்ற கணக்கைச் சொல்லித்தருவார். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவது மாதிரி! பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ராத்திரியில் அதிகம் வேலை செய்வதால், ராத்திரியில் ஊட்டுவது ரொம்ப முக்கியம். முதல் நாளில் வரும் சீம்பால் சில டீஸ்பூன் அளவுதான் இருக்கும். அந்தக் குட்டி வயிற்றுக்கு அது போதும். மூன்றாம், நான்காம் நாளில்தான் பால் நன்றாகக் கட்டும். பல வீடுகளில் இதற்கு நடுவில்தான் டப்பா உள்ளே நுழைகிறது. அதனால்தான் டாக்காவில் முதல் இரண்டு வாரங்களிலேயே மூன்று முறை போனார்கள்.

முதல் ஒரு மணி நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. கானாவின் கிராமங்களில் சுமார் 11 ஆயிரம் பச்சிளம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கினால், பச்சிளம் குழந்தை மரணங்களில் 22 சதவிகிதத்தைத் தவிர்க்கலாம் என்று அது கணித்தது.

மாமியாரிடமும் பேசணும்

குழந்தைக்கு முதலில் எதைத் தொட்டு வைப்பது என்பதை 20 வயதுப் பெண் முடிவு செய்வதில்லை. மாமியார், அம்மா, பாட்டி, சில வீடுகளில் மருத்துவச்சி... இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். வங்கதேசத்தில் தேன், பர்கினா ஃபாசோவில் தண்ணீரும் மூலிகைக் கஷாயமும். நம்மூரில் இதற்குச் 'சேனை வைக்கிறது' என்று பெயர். குழந்தை யார் கையால் சர்க்கரைத் தண்ணீர் தொடுகிறதோ அவருடைய குணம் வரும் என்பது நம்பிக்கை. கழுதைப்பாலும் இந்தப் பட்டியலில் உண்டு.

இதைக் கிண்டல் செய்தால் கதவு மூடிக்கொள்ளும். வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனமும் 'அலைவ் அண்ட் த்ரைவ்' திட்டமும் இதைப் புரிந்துகொண்டு, வீட்டுக்குப் போகும்போது மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசின. கூடவே டி.வி விளம்பரங்கள், ஊர்க்கூட்டங்கள். தீவிரமாக வேலை நடந்த பகுதிகளில் 2010-ல் சுமார் 48 சதவிகிதமாக இருந்த 'தாய்ப்பால் மட்டும்' கணக்கு, 2014-ல் சுமார் 88 சதவிகிதமாக உயர்ந்தது. ஆராய்ச்சிக்காக எடுத்த ஒரு சில தெருக்களில் மட்டுமல்ல, லட்சக்கணக்கான குடும்பங்களிலும் இது நடக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

மாமியாருக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். குளிப்பாட்டுவது, மருமகள் ஊட்டும்போது தண்ணீர் கொண்டுவந்து தருவது, மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது... இப்படி. 'நீங்க ஒண்ணும் செய்யாதீங்க அத்தை' என்பதைவிட, 'இதை மட்டும் நீங்க பாத்துக்கோங்க அத்தை' என்பது நன்றாக வேலை செய்யும்!

எல்லா ஊரிலும் பலித்ததா?

இல்லை. அந்தக் கதையும் முக்கியம்.

பர்கினா ஃபாசோ, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் ஒரே மாதிரி ஆய்வு நடந்து, 2011-ல் முடிவு வெளியானது. உள்ளூர்ப் பெண்கள் குறைந்தது 5 முறை வீட்டுக்குப் போனார்கள். குழந்தைக்கு 12 வாரம் ஆனபோது, பர்கினா ஃபாசோவில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் 79 சதவிகிதம். ஆள் போகாத இடத்தில் 35. உகாண்டாவில் 82, போகாத இடத்தில் 44. தென்னாப்பிரிக்காவில்? 10 சதவிகிதம், போகாத இடத்தில் 6. ஏறக்குறைய மாற்றமே இல்லை.

மூன்றில் வசதியான நாடு தென்னாப்பிரிக்காதான். ஆனால், ஹெச்.ஐ.வி பரவல் அங்கே மிக அதிகம். பாலின் மூலம் குழந்தைக்குத் தொற்றக்கூடாது என்று, தொற்று இருந்த தாய்மார்களுக்கு அரசு மருத்துவமனைகளே பவுடர் பாலை இலவசமாகக் கொடுத்துவந்தன. ஆஸ்பத்திரியே டப்பா தரும்போது, தெருவில் வரும் அக்கா சொல்வதை யார் கேட்பார்கள்? 2011-ல் அந்நாட்டு அரசு இலவசப் பவுடர் பாலை நிறுத்துவது என்று முடிவெடுத்தது. ஹெச்.ஐ.வி உள்ள தாய்க்கு மருந்து தொடர்ந்து கொடுத்து, தாய்ப்பால் ஊட்டவும் துணைநிற்பது என்ற வழிக்கு மாறியது. 2016 தேசிய ஆய்வில் அங்கே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் 32 சதவிகிதமாக உயர்ந்திருந்தார்கள்.

அக்கா ஒன்று சொல்லி, ஆஸ்பத்திரி வேறொன்று சொன்னால் நடக்காது. இரண்டும் ஒரே குரலில் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் அரசுச் சம்பளம் வாங்கும் குடும்பநல உத்தியோகத்தர், சனங்களின் பேச்சில் 'மிட்வைஃப்', கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். பல தலைமுறைகளாக இது நடக்கிறது. 2016-ல் அங்கே தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 82 சதவிகிதம்.

லீவு முடிஞ்சா என்ன பண்றது?

வீட்டில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும். வேலைக்குத் திரும்பும் நாள் வந்ததும் உடைந்துவிடும். வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பான்மையானவர்கள் இளம் பெண்கள். அந்நாட்டின் 2006-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பேறுகால விடுப்பை 16 வாரம் என்று வைத்தது: பிரசவத்துக்கு முன் 8, பின் 8. அதாவது, குழந்தைக்கு 2 மாதம் ஆனதும் அம்மா தையல் மெஷின் முன் உட்கார வேண்டும். குழந்தைக்கோ, இன்னும் 4 மாதம் தாய்ப்பால் மட்டுமே வேண்டும்.

பல பெண்கள் குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். அங்கே டப்பா பால்தான். இதை மாற்ற யுனிசெஃப், தொழிற்சாலைகளோடு சேர்ந்து 'மதர்ஸ் அட் வொர்க்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊட்டுவதற்கு அறை, அதற்கு இடைவேளை, குழந்தைக் காப்பகம், சம்பளத்தோடு விடுப்பு, பணமும் மருத்துவ உதவியும், வேலைப் பாதுகாப்பு, பாதுகாப்பான பணிச்சூழல் என 7 விஷயங்களை அது கேட்கிறது.

இந்தியாவில் 2017 முதல் சம்பளத்தோடு 26 வார விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு 4 முறை அங்கே போய்வரலாம். பல பணக்கார நாடுகளில்கூட இவ்வளவு இல்லை. ஆனால், இது யாருக்கு? சித்தாள் வேலை, வயல் வேலை, வீட்டு வேலை, வீட்டிலேயே பீஸ் கணக்கில் பனியன் பிசிறு வெட்டும் வேலை செய்யும் பெண்ணுக்கு எந்த முதலாளி லீவு தருவார்? தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. சம்பளமில்லாத அந்த மாதங்களைத் தள்ள அதுதான் கைகொடுக்கிறது.

2015-ல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டது நினைவிருக்கும். பயணம் செய்யும் அம்மாவுக்கு அது பெரிய உதவி. அதே மாதிரி ஓர் அறை, கட்டட வேலை நடக்கும் இடத்திலும் வேண்டுமே!

அம்மாவுக்கு முதல்ல சாப்பாடு

'நானே ஒழுங்கா சாப்பிடலை, எனக்கு எங்க பால் வரும்?' என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். ஓரளவு சத்துக்குறைவு இருக்கும் தாய்க்கும் குழந்தைக்குப் போதுமான, தரமான பால் சுரக்கும். கடும் பட்டினியில்தான் அது குறையும். ஆனால், அந்தச் சத்து அவருடைய உடம்பிலிருந்து போகிறது. அதனால் நோஞ்சானாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக் குழந்தைக்கு டப்பா வாங்குவதைவிட, அதே காசில் அம்மாவுக்கு முட்டை, பருப்பு, கீரை, மீன் வாங்குவதே சரி. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு! 'பச்சை உடம்பு' என்று சொல்லிப் பத்தியச் சோறு மட்டும் போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தை என்றால்?

மார்பில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கும் தாய்ப்பால்தான் மருந்து. கையால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் புகட்டலாம். இங்கே நம்மூர்ப் பொருள் ஒன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. பாலாடை! புட்டியைவிடக் கழுவுவது சுலபம், கிருமி தங்க மூலை முடுக்கு இல்லை. பச்சிளம் குழந்தைகள் பற்றிய ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் அதற்குப் 'பாலாடை' என்றேதான் பெயர்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்ததுதான் 'கங்காரு' முறை. குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் தோலோடு தோலாக அணைத்துக் கட்டி வைப்பார்கள். சூடும் கிடைக்கும், பாலும் நன்றாகச் சுரக்கும். அப்பாவும் இப்படி வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் பால் கிடைக்கவே வழியில்லாத நிலையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில்தான் தொடங்கியது.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில்... கவனிக்க வேண்டியவை

* பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, 2 வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பால் போதும்.

* ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை ஊட்டுவது சாதாரணம். கடிகாரம் பார்க்க வேண்டாம். குழந்தை கையைச் சப்பும்போதே, அழுவதற்கு முன்பே கொடுங்கள்.

* வெயில் காலத்திலும் 6 மாதம் வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவிகிதத்துக்கும் மேல் தண்ணீர்தான்.

* வேலைக்குப் போகும் அம்மா, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம்மூர் வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள்கள் இருக்கும்.

* மார்பு சிவந்து, கல்லு மாதிரி வலித்து, காய்ச்சல் அடித்தால் டாக்டரைப் பாருங்கள். அதற்காக ஊட்டுவதை நிறுத்த வேண்டாம்.

* குழந்தை குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால், சிறுநீர் போகாவிட்டால் உடனே மருத்துவமனை. காத்திருக்க வேண்டாம்.

* சில அம்மாக்களுக்கு உடல் காரணங்களால் உண்மையிலேயே பால் போதாமல் போகலாம். சில மருந்துகள் எடுத்துக்கொள்பவர்கள் கொடுக்க முடியாமல் போகலாம். டாக்டர் சொல்லி பவுடர் பால் கொடுப்பவரைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள். சுத்தமாகவும் சரியான அளவிலும் கலக்க அவருக்கும் உதவி தேவை.

அந்த அக்காவுக்கு யார் சம்பளம் தருவது?

வீட்டுக்கு ஓர் ஆள் போனால் போதும், குழந்தைகள் பிழைக்கும் என்பது இருபது வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். ஆனால், அந்த ஆளும் ஏழைப்பெண்தான். தன் குழந்தையையும் அன்றைய வேலையையும் விட்டுவிட்டு, வெயிலில் நடந்து போகிறார். 'சேவை' என்று கைதட்டிவிட்டால் அவருடைய அடுப்பு எரியாது. பிராக் தன் பெண்களுக்கு வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகை கொடுத்தது. இந்தியாவில் 2011-ல் பச்சிளம் குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டம் வந்தபோது, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாள்களுக்குள் 6 முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் 'ஆஷா' பணியாளருக்கு நிர்ணயித்த தொகை 250 ரூபாய். ஒரு முறைக்கு 42 ரூபாய்கூட வராது. 

அடுத்து உங்கள் தெருவுக்குக் கிராம சுகாதார செவிலியரோ, அங்கன்வாடி அக்காவோ வந்தால், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவிடுங்கள். மாமியாரையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள். 'ஊசி போட்டாச்சா?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தால், 'பாப்பா குடிக்கிறதை ஒரு தடவை பாத்துட்டுப் போங்கக்கா' என்று நீங்களே கேளுங்கள்!